நாஸிஹும் மஜ்ரூஹும்: ஓர் ஆலிம் கவிஞரின் கஸலும் திரைப்பாட்டும்

ஹதீஸ் கலை ஓதும் மாணவர்களுக்கு 'மஜ்ரூஹ்' என்பது அச்சம் தரும் சொல். 'அல்ஜர்ஹு வத்தஃதீல்' என்னும் துறையில், ஓர் அறிவிப்பாளரின் நேர்மையோ நினைவாற்றலோ ஐயத்திற்குரியது என்று அறிஞர்கள் கூறிவிட்டால் அவர் மஜ்ரூஹ் ஆகிவிடுகிறார். 'ஜரஹ' என்னும் வினையின் மூலப்பொருள் காயப்படுத்துதல். உடலைக் கத்தி கிழிப்பதுபோல் ஒருவருடைய நம்பகத்தன்மையைச் சொல் கிழித்துவிடுகிறது. அதன் பின் அவர் அறிவிக்கும் செய்தியை எவரும் ஏற்பதில்லை. முறையாக ஓதித் தேர்ந்த ஓர் ஆலிம் தமக்கு இப்பெயரைத் தாமே சூட்டிக்கொண்டார் என்றால், அச்சொல்லின் இவ்விரண்டாம் பொருளை அவர் அறியாமல் இருந்திருக்க முடியாது. காதலால் காயம்பட்டவன் என்னும் வழக்கமான கஸல் பொருளோடு, சான்றோர் சபையில் ஏற்கப்படாதவன் என்னும் குறிப்பும் அப்பெயருக்குள் ஒளிந்திருக்கிறது. அரபு அணியிலக்கணத்தில் இதனைத் 'தவ்ரியா' என்போம். இது கவிஞர் எண்ணிச் செய்ததா என்பது எனக்கு இரண்டாம் கேள்விதான். அவருடைய வாழ்க்கை அப்பெயரின் இரண்டு பொருளையும் மெய்ப்பித்துவிட்டது.

மஜ்ரூஹ் சுல்தான்பூரி என்று உலகம் அறிந்த அஸ்ராருல் ஹஸன் கான், 1919ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் பிறந்து 2000ஆம் ஆண்டு மே 24 அன்று மும்பையில் மறைந்தவர். உர்தூ கஸல் வரலாற்றில் அவருக்குச் சிறியதாயினும் அழியாத ஓரிடம் உண்டு. இந்தித் திரைப்பாடல் வரலாற்றில் உள்ள இடமோ மிகப் பெரிது. இவ்விரண்டு இடங்களையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் முயற்சி நம் தமிழ்ச் சூழலில் நடந்ததில்லை. உர்தூ விமர்சகர்களும்கூட முதலாவதைப் பேசும்போது இரண்டாவதைப் பற்றி ஒரு பெருமூச்சோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

என் ஊராகிய கனகம்மாசத்திரம் சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த சிற்றூர். திருத்தணி வட்டம் 1960ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்த எல்லைப் பகுதி. எங்கள் தலைமுறையில் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும், வீட்டுக்குள் தக்னியும் பேசி வளர்ந்தவர்கள் பலர். 1988ஆம் ஆண்டு, மத்ரஸா விடுமுறையில் ஊர் வந்திருந்த நான், சாலையோரத் தேநீர்க் கடையின் ஒலிநாடாவில் ஒரு பாட்டைக் கேட்டேன். கல்லூரிப் படிப்பு முடியும் நாளில் பிரிவுபசார விழா மேடையில் கிதாரோடு நிற்கும் ஒரு மாணவன், தன் தந்தை தன்னிடம் எதிர்பார்ப்பதைப் பற்றிப் பாடும் பாட்டு. 'கயாமத் ஸே கயாமத் தக்' என்னும் படத்தில் வருவது. நாடு முழுவதும் இளைஞர்கள் அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் எழுதியிருந்தால்கூட அவ்வளவு இயல்பாக இருந்திருக்காது. அதை எழுதியவர் எழுபதை நெருங்கிய ஒரு முதியவர் என்பதும், நான் அந்த ஆண்டு ஓதிக்கொண்டிருந்த அதே தர்ஸே நிஸாமியைச் சற்றேறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பு ஓதியவர் என்பதும் எனக்குத் தெரியவந்தது பல ஆண்டுகள் கழித்தே. தெரிந்தபோது முதலில் வந்தது மகிழ்ச்சி அன்று. ஒருவகை ஏமாற்றம். மீஸானும் காஃபியாவும் முக்தஸருல் மஆனியும் ஓதிய ஒருவர் இதற்காகவா ஓதினார் என்ற எண்ணம். அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை எனக்கே விளக்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன் எனலாம்.

அவருடைய தந்தையார் காவல்துறையில் பணியாற்றியவர். மகனுக்கு ஆங்கிலக் கல்வி கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். ஆகவே அரபு, பாரசீகம், மார்க்கக் கல்வி என்று மத்ரஸாவிலேயே படிப்பு நிகழ்ந்தது. பின்னர் லக்னோவின் தக்மீலுத் திப் கல்லூரியில் யூனானி மருத்துவம் பயின்று ஹகீம் ஆனார். மருந்து அரைத்துக்கொண்டிருந்த அந்த இளைஞர் சுல்தான்பூரில் நடந்த ஒரு முஷாயிராவில் கஸல் படித்தார், கூட்டம் ஆரவாரித்தது, மருத்துவம் கைநழுவியது. ஜிகர் முராதாபாதி என்னும் பெருங்கவிஞரின் அரவணைப்பும் கிடைத்தது. தொடக்கத்தில் அவர் தமக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் 'நாஸிஹ்' என்று சொல்வதுண்டு. நாஸிஹ் என்றால் அறிவுரை கூறுபவர். கஸல் மரபறிந்தவர்களுக்கு இது புன்முறுவலை வரவழைக்கும். ஏனெனில், கஸல் என்னும் நாடகத்தில் நாஸிஹ் ஒரு நிலையான பாத்திரம். காதலனிடம் வந்து இதெல்லாம் வேண்டாம் என்று நல்லுரை கூறிக் கேலிக்கு ஆளாகிறவர் அவர். ஷைகு, வாயிழ், ஸாஹித் ஆகியோரோடு சேர்த்துக் கவிஞர்கள் எள்ளி நகையாடும் கூட்டத்தைச் சேர்ந்தவர். மத்ரஸாவிலிருந்து வெளிவந்த இளைஞர் தம்மை அந்தப் பாத்திரமாகவே அறிமுகப்படுத்திக்கொண்டதும், பின்னர் அதைக் களைந்து எதிர்ப்புறம் சென்று காயம்பட்டவராக நின்றதும், அவர் வாழ்க்கையின் முழு வரைபடத்தையும் இரண்டு சொற்களில் தந்துவிடுகின்றன.

1945ஆம் ஆண்டு ஒரு முஷாயிராவுக்காக அவர் மும்பை சென்றார். தயாரிப்பாளர் ஏ. ஆர். கார்தார் அவருடைய கவிதையைக் கேட்டுத் திரைப்படத்திற்கு எழுத அழைத்தார். மஜ்ரூஹ் மறுத்தார். திரைத்துறையைக் கண்ணியமான இடமாக அன்றைய ஓதிய குடும்பங்கள் கருதவில்லை. ஜிகர்தான் அவரை இணங்கவைத்தார். குடும்பத்தைக் காக்க வருவாய் வேண்டும் என்பது அவர் கூறிய காரணம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாணவனைச் சினிமாவுக்கு அனுப்பியவர் அக்காலக் கஸலின் தலைமகன்; கலையின் தூய்மை பற்றி அவருக்கு எவரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கார்தார் கவிஞரை இசையமைப்பாளர் நௌஷாதிடம் அழைத்துச் சென்றார். நௌஷாத் ஒரு மெட்டைக் கொடுத்து அதன் அளவுக்கு எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தார். 'ஷாஜஹான்' 1946இல் வெளிவந்தது. கே. எல். ஸைகல் அதில் பாடிய, நொறுங்கிய உள்ளத்தைப் பற்றிய பாட்டு நாடெங்கும் பரவியது. தம் இறுதி ஊர்வலத்தில் அப்பாட்டை ஒலிக்கச் செய்ய வேண்டும் என்று ஸைகல் விரும்பினார் என்பார்கள். அடுத்த ஆண்டு சனவரியிலேயே ஸைகல் மறைந்தார்.

மெட்டுக்கு எழுதுதல் என்பதைப் பற்றி நம்மவர்களிடையே ஓர் ஏளனம் உண்டு. கவிஞன் சொல்லை முதலில் படைக்க வேண்டும், இசை அதன் பின்னே வர வேண்டும். மாறாக நடந்தால் அது கூலி வேலை என்பது அவ்வேளனத்தின் சாரம். உர்தூ முஷாயிரா மரபை அறிந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். 'தரஹீ முஷாயிரா' என்று ஒன்று உண்டு. அதில் ஓரடி முன்கூட்டியே அறிவிக்கப்படும். அந்த அடியின் பஹ்ரு எதுவோ, அதாவது சந்த அளவு எதுவோ, அதே அளவில், அதன் காஃபியாவும் ரதீஃபும் பிறழாமல், அழைக்கப்பட்ட அத்தனை கவிஞர்களும் கஸல் எழுதி வர வேண்டும். அளவு பிறர் கொடுத்தது, ஓசை முடிவு பிறர் கொடுத்தது. உள்ளே நிரப்ப வேண்டிய பொருள் மட்டுமே கவிஞனுடையது. மீரும் ஃகாலிபும் உலவிய மரபில் இது இழிவாகக் கருதப்பட்டதில்லை. ஆற்றலின் உரைகல்லாகக் கருதப்பட்டது. நௌஷாத் கொடுத்த மெட்டு மஜ்ரூஹுக்கு இன்னொரு தரஹ். அவர் சிறிதும் தடுமாறாமல் எழுதியதன் இரகசியம் இதுவே என்பது என் கருத்து. கலீல் இப்னு அஹ்மத் வகுத்த அரூளை ஓதிய ஒருவருக்கு, மெட்டு என்பது சொல்லின்றி வந்த வாய்பாடு.

ஆனால் கஸலுக்கும் திரைப்பாட்டுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. அது சந்தத்தில் இல்லை. கஸலின் இறுதி ஈரடியாகிய மக்தஃவில் கவிஞன் தன் பெயரைப் பொறிப்பான். நம் தமிழ் மரபிலும் இது புதிதன்று. எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள திருவாலங்காட்டைப் பாடிய காரைக்கால் அம்மையார், பதிகத்தின் கடைசிப் பாட்டில் தம் பெயரைச் சொல்லியே முடிக்கிறார். சம்பந்தரின் திருக்கடைக்காப்பும் அத்தகையதே. பெயர் பொறித்தல் என்பது பொறுப்பேற்றல். ஹதீஸ் கலையில் இஸ்னாது எவ்வாறோ அவ்வாறு. திரைப்பாட்டில் மக்தஃ கிடையாது. அங்கே பாடுபவர் ஒருவர், வாயசைப்பவர் ஒருவர், கதையில் காதலிப்பவர் மற்றொருவர். எழுதியவர் பெயர் காற்றில் கரைந்துவிடும். வானொலியில் பாடலாசிரியர் பெயரையும் அறிவிக்க வேண்டும் என்று ஸாஹிர் லுதியான்வி குரல் எழுப்பியதை நாம் அறிவோம்.

ஸாஹிரையும் மஜ்ரூஹையும் அருகருகே வைத்தால் இவ்வேறுபாட்டின் விளைவு புலனாகும். ஸாஹிர் திரைப்பாட்டிலும் ஸாஹிராகவே இருந்தார். 1957இல் வந்த 'பியாஸா'வில் அவருடைய முன்னைய கவிதைகளே மாற்றங்களுடன் பாட்டாயின. கதாநாயகன் ஒரு கவிஞன் என்பதால் அது பொருந்தவும் செய்தது. யார் பாடினாலும், எந்தக் காட்சியானாலும் ஸாஹிரின் கசப்பு நமக்குக் கேட்கும். மஜ்ரூஹ் நேர் எதிர். அவர் தம் கவிதைக் கணக்கையும் திரைக் கணக்கையும் தனித்தனிப் பேரேடுகளில் வைத்தார். பாட்டு பாத்திரத்துக்கு உரியது, தமக்கு உரியதன்று என்பது அவர் கடைப்பிடித்த நெறி. அதனால்தான் ஓ. பி. நய்யாரின் துள்ளலிசைக்கு 'ஆர் பார்' (1954), 'ஸி.ஐ.டி.' (1956) போன்ற படங்களில் மும்பைத் தெருமொழியில் எழுத அவரால் இயன்றது. 'சல்தி கா நாம் காடி' (1958)யில் பழுதுபட்ட காரோடு நள்ளிரவில் வந்து நிற்கும் பெண்ணைக் கேலி செய்யும் மெக்கானிக்காகவும், அடுத்த ஆண்டே 'சுஜாதா'வில் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த பெண்ணை நேசிக்கும் மென்மையான இளைஞனாகவும் அவரால் பேச முடிந்தது. 'சுஜாதா'வின் அந்தத் தொலைபேசிப் பாட்டைக் கேட்டவர்கள், ஒரு சொல்லும் உயராமல், ஒரு பாரசீகத் தொடரும் குறுக்கிடாமல், சொல்ல வந்ததைச் சொல்லத் தயங்கும் குரலை அவர் எப்படிக் கட்டினார் என்று வியக்காமல் இருக்க முடியாது. கஸலில் அவர் கையாளும் இழாஃபத்துத் தொடர்கள், அதாவது இரு பெயர்ச்சொற்களைப் பாரசீக முறையில் பிணைக்கும் கூட்டுகள், பாட்டில் ஏறக்குறைய மறைந்துவிடுகின்றன. கீழை உத்தரப் பிரதேசத்துப் பேச்சுமொழியின் இழைகள் அவ்விடத்தை நிரப்புகின்றன. இது எளிமைப்படுத்தல் அன்று. ஒரு மொழிக்குள் இரண்டு மொழி அறிந்தவர் செய்யும் தேர்வு.

திரையுலகில் காலூன்றிய சில ஆண்டுகளிலேயே அவருக்குச் சிறைவாசம் நேர்ந்தது. முற்போக்கு எழுத்தாளர் இயக்கத்தில் சேர்ந்திருந்த அவர், தொழிலாளர் கூட்டமொன்றில் நேருவின் ஆட்சியைச் சாடி ஒரு கவிதை படித்தார். 1949இல் அவரைப் பிடிக்க உத்தரவு பிறந்தது. மன்னிப்புக் கேட்டால் விடுதலை என்று கூறப்பட்டபோது மறுத்தார். இரண்டு ஆண்டுகள் சிறை. 'அந்தாஸ்' படத்தின் பாடல்கள் நாடெங்கும் ஒலித்த காலம் அது. இதைச் சொல்லும் வாழ்க்கைக் குறிப்புகள் அனைத்தும் அவருடைய நெஞ்சுரத்தைப் போற்றுகின்றன, நானும் போற்றுகிறேன். ஆனால் விமர்சகன் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். அவரைச் சிறைக்கு அனுப்பிய கவிதை அவருடைய எழுத்திலேயே மிகப் பலவீனமானவற்றுள் ஒன்று. வெறும் வசை, பிரதமரை ஐரோப்பியக் கொடுங்கோலரோடு ஒப்பிடும் முழக்கம். அதே காலத்தில் அவர் எழுதிய கஸல்களோ வேறு தளத்தில் நிற்கின்றன.

முற்போக்காளர்களுள் பலர் கஸலை வெறுத்தார்கள் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். அது நிலவுடைமைக் காலத்து மிச்சம், தொடர்பற்ற ஈரடிகளின் குவியல், புரட்சிக்கு உதவாதது என்பது அவர்களுடைய தீர்ப்பு. நஸ்மு என்னும் தொடர்கவிதையே காலத்தின் வடிவம் என்றார்கள். அந்த அவையில் கஸலைக் கைவிட மறுத்து வாதிட்டவர் மஜ்ரூஹ். வாதத்தைவிட அவர் எழுதிக் காட்டியதே வலுவான விடை. கூண்டு, வேடன், பூங்கா, இலையுதிர்காலம், சங்கிலி, தூக்குமேடை, மதுக்கூடம் என்று கஸலில் நூற்றாண்டுகளாகப் புழங்கித் தேய்ந்த சொற்களை எடுத்து, அவற்றின் பழைய பொருளை நீக்காமலே அன்றைய அரசியலை அவற்றுக்குள் ஏற்றினார். தனியாக இலக்கை நோக்கிப் புறப்பட்ட ஒருவனுக்குப் பின்னே ஆட்கள் சேர்ந்து சேர்ந்து ஒரு பயணக்கூட்டமே உருவாகிவிட்டதைக் கூறும் அவருடைய ஈரடியை, யார் எழுதியது என்று தெரியாமலே வட இந்திய மேடைகளில் எல்லாக் கட்சியினரும் முழங்குகிறார்கள். அதனை ஸூஃபி பொருளில் கொண்டாலும் தவறில்லை. தொழிற்சங்கப் பொருளில் கொண்டாலும் தவறில்லை. நம் மேடைப் பேச்சாளர்கள் பெருமானார் (ஸல்) அவர்களின் மக்கா வாழ்வுக்குப் பொருத்திச் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். ஒரு கவிதை இத்தனை இடங்களுக்குச் சென்று திரும்பியும் கசங்காமல் இருப்பது எளிதன்று.

இதே பணியைச் செய்தவர் என்று உலகம் கொண்டாடுவது ஃபைஸ் அஹ்மத் ஃபைஸை. 1951 மார்ச்சில் ராவல்பிண்டி சதி வழக்கில் ஃபைஸ் பாகிஸ்தானில் கைதானார். ஏறத்தாழ அதே காலத்தில் மஜ்ரூஹ் இந்தியாவில் சிறைமீண்டார். எல்லையின் இருபுறமும் இரு கவிஞர்கள் ஒரே கூண்டுப் படிமத்தை உண்மையான கம்பிகளுக்குப் பின்னிருந்து எழுதியது உர்தூவுக்கே வாய்த்த விந்தை. அரசியல் கஸலில் முந்தியவர் மஜ்ரூஹே என்று அவருடைய ஆதரவாளர்கள் வாதிடுவதுண்டு. யார் முந்தினார் என்ற வழக்கில் எனக்கு அக்கறை இல்லை. ஃபைஸிடம் உள்ள இசைமயமான மயக்கம் மஜ்ரூஹிடம் இல்லை. மஜ்ரூஹிடம் உள்ள நிமிர்வு, தோளை உயர்த்தி நடக்கும் ஓசை, ஃபைஸிடம் குறைவு. 1969இல் 'சிராக்' என்னும் படத்துக்கு எழுதும்போது ஃபைஸின் புகழ்பெற்ற ஒரு நஸ்மிலிருந்து அரையடியை எடுத்து, அதன்மீது ஒரு முழுப் பாட்டைக் கட்டினார் மஜ்ரூஹ். ஃபைஸின் இசைவு பெற்றே அவ்வாறு செய்தார் என்பார்கள். இதைத் திருட்டு என்று பேசியவர்களுக்குத் 'தழ்மீன்' என்ற சொல்லை நினைவூட்ட வேண்டும். பிறருடைய அடியைத் தன் கவிதைக்குள் பதித்து அதற்குப் புதிய சூழலை அளிப்பது அரபு அணியிலக்கணம் அங்கீகரித்த கலை. ஆனாலும் ஒரு செய்தி இதில் துயரமானது. ஃபைஸின் அந்த அடி கோடிக்கணக்கான இந்தியச் செவிகளுக்குச் சென்றது மஜ்ரூஹின் கையால். மஜ்ரூஹின் சொந்தக் கஸல்களை அவ்வாறு கொண்டுசெல்ல எவரும் இல்லை.

இனி மறுபக்கம். 'கஸல்' என்றே பெயரிட்டு ஐம்பதுகளில் வந்த அவருடைய தொகுப்பு, ஒரே அமர்வில் படித்து முடிக்கக் கூடிய அளவினது. பிந்தைய தொகுப்பிலும் புதியவை மிகுதி இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் எழுதியவர். படங்களோ ஏறத்தாழ 300 என்பர். அந்த 300 படங்களில் எத்தனையோ பாட்டுகள் நாள் கடந்த ரொட்டிபோல் சுவையற்றவை. எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் உள்ளம், துடிப்பு, பைத்தியம், இரவு என்று நான்கு சொற்களை மாற்றி மாற்றி அடுக்கிய பாட்டுகள் பல உண்டு. பாத்திரத்துக்குத்தான் எழுதினேன் என்ற விடை இங்கே போதாது. பாத்திரமே இல்லாத படங்களுக்கு எழுத ஒப்புக்கொண்டது யார்? திரையுலகம் ஒரு நல்ல கஸல் கவிஞரை விழுங்கிவிட்டது என்னும் பழைய குற்றச்சாட்டு இங்கிருந்துதான் எழுகிறது. நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியவன். இப்போது அத்தனை உறுதியாகச் சொல்லமாட்டேன். கஸல் எழுதுவதை அவர் குறைத்துக்கொண்டது திரைக்கு வந்ததும் அன்று. திரையுலகின் முதல் பத்தாண்டுகளில்தான் அவருடைய மிகச் சிறந்த கஸல்கள் பிறந்தன. கேட்பவர் இருந்தபோது எழுதினார். கஸலைப் பழித்த தோழர்களோடு மோதலும், சிறையும், கூட்டமும் இருந்தபோது எழுதினார். அந்த உரசல் தணிந்ததும் கஸலும் தணிந்தது. குற்றத்தைப் பாதியேனும் சினிமாவின் தலையிலிருந்து இறக்கிவைக்கலாம் என்றே தோன்றுகிறது.

'தோஸ்தி' (1964) படப் பாட்டுக்காக ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. வாழ்நாளில் அவ்விருது அந்த ஒருமுறைதான். 1993ஆம் ஆண்டுக்குரிய தாதாசாகேப் ஃபால்கே விருது வந்தது; பாடலாசிரியர் ஒருவருக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை. 2000இல் வந்த 'புகார்' படத்தில், எண்பது வயதில், நம்மூர் ஏ. ஆர். ரஹ்மானின் இசைக்கும் அவர் எழுதியிருக்கிறார். ஸைகலுக்கு எழுதியவர் ரஹ்மானுக்கும் எழுதினார் என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. தமிழ் மக்கள் அவரை அறியாமலே அவரோடு தொடர்பு கொண்டிருந்தார்கள். அவர் பாட்டெழுதிய 'யாதோங் கீ பாராத்' (1973) சென்னையில் பெரும் வெற்றி பெற்றதும், 1975இல் எம்.ஜி.ஆர். நடிப்பில் 'நாளை நமதே'யாகத் தமிழுக்கு வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். உர்தூ தெரியாத நாவுகள் அந்த மூலப் பாட்டைப் பாடியதை எங்கள் ஊர்த் திருமணங்களிலேயே கேட்டிருக்கிறேன்.

நம்மிடையே ஒப்பிடத் தக்கவர் என்று எனக்குத் தோன்றுபவர் கவி கா. மு. ஷெரீப் (1914–1994). அவரும் மரபுக் கவிஞர். அவரும் ஐம்பதுகளில் திரைக்கு எழுதியவர். அவரும் ஓர் இயக்கத்துக்குத் தம்மை ஒப்படைத்தவர். ம. பொ. சி.யின் தமிழரசுக் கழகத்தில் முன்னணியில் நின்ற அவருக்கு, வட எல்லைக்காகக் குரல் கொடுத்த வகையில் எங்கள் திருத்தணிப் பகுதியினர் கடமைப்பட்டிருக்கிறோம். இருவருக்கும் ஒரே குறை நேர்ந்தது. இலக்கியவாதிகள் இவர்களைச் சினிமாக்காரர் என்றார்கள். சினிமாக்காரர்கள் பழைய மரபுக்காரர் என்றார்கள். மார்க்கம் ஓதியவர்களாகிய நாமோ இரண்டு காரணங்களையும் சேர்த்து ஒதுக்கிவைத்தோம்.

நம் ஒதுக்கலைப் பற்றிச் சற்றுப் பேச வேண்டும். இசைக்கருவி பற்றிய ஃபிக்ஹு விவாதத்துக்குள் நான் நுழையவில்லை; அது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. சொல்லைப் பற்றி மட்டுமே கேட்கிறேன். நம் அரபுக் கல்லூரிகளில் முஅல்லகாத் ஓதிக் கொடுக்கிறோம். இம்ரஉல் கைஸின் காதல் விளையாட்டுகளை இலக்கணம் பிரித்து, இஃராபு சொல்லி, வெட்கமின்றி விளக்குகிறோம். முதனப்பியின் தற்பெருமையை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் பெருமானார் திருமுன் படித்த கஸீதா, பிரிந்துபோன காதலியை நினைந்தே தொடங்குகிறது. அதைக் கேட்டுத்தான் போர்வை பரிசாக வந்தது. அஷ்ஷுஅரா அத்தியாயத்தின் இறுதி வசனங்கள் கவிஞர்களைக் கண்டித்த கையோடு ஒரு விதிவிலக்கையும் கூறி, கவிதையை அல்ல, கவிஞனின் நிலைப்பாட்டையே அளவுகோலாக்குகின்றன என்று விரிவுரை நிகழ்த்துகிறோம். பின்பு அதே இலக்கணம் ஓதிய ஒருவர், அநீதி கண்ட இடத்தில் மன்னிப்புக் கேட்க மறுத்துச் சிறை சென்ற ஒருவர், உர்தூவில் எழுதிய ஈரடிகளை வகுப்பறையில் எடுத்துச் சொல்லத் தயங்குகிறோம். பெயருக்குப் பின்னால் சினிமா ஒட்டியிருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இதுவும் ஒருவகை ஜர்ஹ்தான். ஆனால் ஜர்ஹ் செய்பவர் காரணத்தை விளக்கிக் காட்ட வேண்டும் என்பது அத்துறை இமாம்கள் பலரின் கொள்கையாயிற்றே!

தமிழில் அவருடைய கஸல்கள் வர வேண்டும் என்று சொல்வது எளிது. செய்வது கடினம். கவிக்கோ அப்துல் ரகுமான் 'மின்மினிகளால் ஒரு கடித'த்தில் தமிழுக்குக் கஸலின் மனநிலையைக் கொண்டுவந்தார், அது பெரும்பணி. ஆயினும் கஸலின் உடற்கட்டு இன்னும் வரவில்லை. தமிழ் யாப்பு அடியின் தொடக்கத்தில் எதுகையைத் தேடுவது. கஸலோ அடியின் முடிவில் காஃபியாவையும் அதற்குப் பின் மாறாத ரதீஃபையும் வைத்துச் சுழல்வது. நம்மிடம் இயைபுத் தொடை உண்டு, ஆனால் அது ஓரமாகவே இருந்துவந்தது. மஜ்ரூஹின் ஈரடியில் முதலடி கேள்வியைப் போல் உயர்ந்து நிற்க, இரண்டாமடி ரதீஃபின் மேல் வந்து விழும். அந்த விழுகையில்தான் முஷாயிராவில் ஆரவாரம் எழும். பொருளை மட்டும் பெயர்த்தால் விழுகை போய்விடும், அறிவுரை மட்டும் எஞ்சும்; மஜ்ரூஹ் மறுபடியும் நாஸிஹ் ஆகிவிடுவார்.

பல ஆண்டுகளுக்கு முன், மாணவர் விடுதியின் பொறுப்பு என்னிடம் இருந்த காலத்தில், ஒரு மாணவரின் பெட்டியிலிருந்து ஒரு குறிப்பேட்டைக் கைப்பற்றினேன். உர்தூ எழுத்தில் சினிமாப் பாட்டுகளைப் படியெடுத்து வைத்திருந்தார். எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். ஓத வந்த இடத்தில் இதுவா என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஸனது பெற்று வெளியேறினார். இப்போது வளைகுடாவில் இருக்கிறார். குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுக்க எனக்கு நினைவும் இல்லை, மனமும் இல்லை. இக்கட்டுரைக்காக நூல்களைத் தேடியபோது அது அலமாரியில் அகப்பட்டது. முதன்முறையாக முழுவதும் படித்தேன். முன்பாதி மஜ்ரூஹின் கஸல்கள். பின்பாதி அவருடைய பாட்டுகள். பின்பாதியில் ஒவ்வோரடிக்கும் கீழே பென்சிலால், மிகச் சிறிய எழுத்தில், நான் வகுப்பில் கற்றுக்கொடுத்த அதே முறையில், ஃபஊலுன் ஃபஊலுன் என்று வாய்பாடு பிரித்து எழுதியிருந்தார். இரண்டு இடங்களில் சந்தம் இடறுவதைக் கண்டு வட்டமிட்டு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். ஓரிடத்தில் ஐயம் சரியானது; மற்றதில் அவர் ஓர் உயிரெழுத்தை நீட்டிப் படித்துவிட்டார். அதைத் திருத்தி, அவருக்கு ஒரு கடிதத்தோடு அனுப்பிவைக்க முகவரி கேட்டிருக்கிறேன்.